சென்று வந்தாரைக் கேட்டல்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில், உறுப்பினராகிய தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் உரையும் நடத்திப் பிழைக்கும் ஒரு தமிழாசிரியன் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்தமை உங்களிற் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். நகைப்பதும் முறையே. யான் என் வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையேயுள்ள நான்கு மைல் தொலைவிற்கு மேல் இருசக்கர வண்டியை ஓட்டியறியேன். மழை தூறினால் அதனையும் நிறுத்திவிட்டுப் பேருந்திற் செல்பவன். எனினும் தன்னந்தனியே அத்தகைய வண்டியில் உலகத்தையே சுற்றி வந்த ஒரு பெண்மணியின் வரலாற்றைப் படித்தபொழுது, அது என் வீட்டிலேயே நிகழ்ந்த ஒரு பிழையை எனக்குச் சுட்டிக் காட்டியது. அப் பிழை என் வீட்டோடு நின்றதன்று, நம்மவர் வீடுகள் பலவற்றிலும் உள்ளது என்று கண்டமையாலேயே இதனை இங்கு எடுத்துரைக்கப் புகுகின்றேன். குறையுளதேற் பொறுத்தருள்க.

அப் பெண்மணியின் பெயர் எல்ஸ்பெத் பியர்ட். 1959ஆம் ஆண்டிற் பிறந்தவர், இங்கிலாந்து தேயத்தினர். லண்டன் மாநகரிற் கட்டடக் கலை பயின்று, அக் கல்வியின் ஒரு பகுதியை முடித்திருந்த காலையில், 1982ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தம் இருபத்து மூன்றாம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். 1984ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனுக்கு மீண்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் கடந்த தொலைவு 35,000 மைல். அஃதாவது ஏறக்குறைய 56,000 கிலோமீட்டர். குமரியிலிருந்து சென்னைக்கு எண்பது முறை போவது போன்றதொரு தொலைவு என்று கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றி வந்த முதற் பிரித்தானியப் பெண்மணி என்று இன்று அவரைப் போற்றுகின்றனர்.

அவர் ஏறிச் சென்ற வண்டி புதியதன்று. 1974ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு, பிறரால் ஓட்டப்பெற்றுக் கைம்மாறி வந்த பி.எம்.டபிள்யூ. வண்டி. அறுநூறு சி.சி. ஆற்றலுள்ள அதன் பொறியில் இரண்டு உருளைகள் இரு புறமும் கைகளை நீட்டினாற்போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. ஓடும்பொழுது காற்று இரு புறமும் பட்டுப் பொறி எளிதிற் குளிரும். வண்டி சாய்ந்து விழுந்தாலோ அடி முதலில் அவ்வுருளைகளிற் படும். பின் சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலியில்லை; தண்டொன்று உண்டு. ஆதலின் வழியிற் சங்கிலி அறுமோ என்ற அச்சமில்லை. பழுது பார்க்கும் முறையை அவர் தாமே கற்றுத் தெளிந்திருந்தார்.

இனி, அவர் புறப்பட்ட விதம் கேளுங்கள். மதுவும் உணவும் விற்கும் விடுதியில் வேலை செய்து சிறுகச் சிறுகப் பணஞ் சேர்த்தார். உதவி நாடிப் பத்திரிகைகளுக்கு எழுதியும் பார்த்தார், ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இளம்பெண் ஒருத்தி தனியே உலகைச் சுற்றப் போகின்றாள் என்றால், அதனை ஒரு செய்தியாகக் கொள்ளவும் அன்று ஆளில்லை. வண்டியைக் கப்பலிலேற்றி நியூயார்க் நகருக்கு அனுப்பித் தம் பயணத்தைத் தொடங்கினார்.

ஐக்கிய அமெரிக்க நாடுகள், கனடா, மெக்சிகோ ஆகியவற்றிற் பயணஞ் செய்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடைந்து, அங்கிருந்து நியூசிலாந்துக்கும் அதன்பின் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றார். அதற்குள் கைப்பணம் கரைந்துவிட்டது. ஆகவே சிட்னி நகரில் கட்டடக் கலைஞர் அலுவலகமொன்றில் ஏழு திங்கள் வேலை பார்த்தார். தங்கியதோ வண்டி நிறுத்துங் கொட்டகை. இரவுகளில் அங்கேயே தகட்டை வெட்டியும் வளைத்தும், தம் உடைமைகளைப் பூட்டி வைத்தற்குரிய பெட்டிகளைத் தம் கையாலேயே செய்து வண்டியிற் பொருத்தினார். பெரியோர்களே, இதனை நம் இளைஞர் கருதிப் பார்த்தல் வேண்டும். பணம் தீர்ந்தவிடத்துப் பயணம் தீர்ந்தது என்று அவர் திரும்பவில்லை. தாம் கற்ற தொழிலை அந்நாட்டிற் செய்து, அவ்வூதியத்தால் மேற்சென்றார். கைத்தொழில் கற்றவனுக்கு எவ்வூரும் அயலூரன்று என்பதற்கு இஃதொரு சான்று.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில், டவுன்ஸ்வில் என்னும் ஊருக்கருகே மண் சாலையில் வண்டி கவிழ்ந்து பெருங் காயமுற்றார். தலைக்கவசம் அணிந்திருந்தமையால் உயிர் தப்பியது. இரு வாரம் மருத்துவமனையிற் கிடந்து, எழுந்து, மீண்டும் வண்டியேறினார். அக் கண்டத்தின் மேலைக் கரையிலுள்ள பெர்த் நகர் வரை ஓட்டிச் சென்று, அங்கிருந்து கப்பல் வழியாகச் சிங்கப்பூரை அடைந்தார்.

சிங்கப்பூரில் நேர்ந்தது வேறொரு துன்பம். அவருடைய கடவுச்சீட்டும், மேற்கொண்டு செல்லவேண்டிய நாடுகளின் அனுமதிகளும், வண்டிக்குரிய தாள்களும் களவு போயின. அவற்றை மீண்டும் பெற ஆறு வாரம் ஆயிற்று. இங்கே ஒன்றை விளக்குதல் வேண்டும். ஒரு நாட்டு வண்டி மற்றொரு நாட்டு எல்லையைக் கடக்குங்கால் சுங்கத்தார் அதற்குத் தீர்வை கேட்பர். "இவ்வண்டியை இந்நாட்டில் விற்கமாட்டேன், திரும்பக் கொண்டுபோவேன்" என்பதற்குப் பிணையாக மோட்டார்ச் சங்கங்கள் வழங்கும் ஏடொன்று உண்டு, அதனைக் கார்னே என்பர். நாடு புகும்பொழுது ஒரு முத்திரை, நீங்கும்பொழுது ஒரு முத்திரை என அதன் தாள்களில் இடுவர். முத்திரை ஒன்று குறைந்தாலும் பிணையாக வைத்த பொருளுக்குக் கேடு. ஆதலின் நெடும்பயணம் என்பது மலையையும் பாலையையும் கடப்பது மட்டுமன்று, மேசைகளையும் கடப்பதாம். பிள்ளைகளை அயல் நாட்டுக்கு அனுப்புவோர் இதனை நினைவிற்கொள்க. தாள்களின் படிகளை வேறொரு பையிலும், வீட்டில் ஒருவரிடத்தும் வைத்தல் நலம்.

மலேசியாவைக் கடந்து தாய்லாந்தில் வண்டியோட்டிச் செல்லுங்கால், எதிரே வந்த லாரியின் அடியிலிருந்து நாயொன்று திடுமெனப் பாய்ந்தது. அதன்மேல் மோதி, நிலைதவறி, மரத்தில் மோதி வீழ்ந்தார். அவரை எடுத்துச் சென்று தம் குடிலில் வைத்துப் பேணியவர் ஓர் ஏழைக் குடும்பத்தார். அவர் பேசுவது இவர்களுக்கு விளங்காது. இவர்கள் பேசுவது அவருக்கு விளங்காது. இரு வாரம் அவ்வாறே கழிந்தது. உணவளித்தனர், உறங்க இடமளித்தனர், கைம்மாறு ஒன்றும் எதிர்பார்த்திலர். அடிபட்ட பொறியை அவ்விடத்திலேயே ஒருவாறு சீர்செய்துகொண்டு, பினாங்குத் துறைமுகம் வரை தடுமாறித் திரும்பி, அங்குக் கப்பலேறி வந்திறங்கிய இடம் எது தெரியுமா? நம் சென்னைத் துறைமுகம்.

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் சென்று, கல்கத்தாவைக் கடந்து, நேபாளத்தின் தலைநகராகிய காத்மாண்டை அடைந்தார். அவருடைய பெற்றோர் லண்டனிலிருந்து அங்கு வந்து மகளைக் கண்டனர். நெடுங்காலம் காணாத மகளைப் பாதி வழியில் வந்து கண்டு, "போதும், எங்களோடு திரும்பிவிடு" என்று அழைத்துப் போகாமல், மீண்டும் அவள் வழியிலேயே விட்டுச் சென்ற அப் பெற்றோரை யான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர்கள் நெஞ்சு அன்று என்ன பாடுபட்டிருக்கும்!

அதன் பின்னர்த் துன்பம் குறையவில்லை, பெருகிற்று. 1984ஆம் ஆண்டு பஞ்சாபில் நேர்ந்த கலக்கத்தால் வெளிநாட்டார் அப்பகுதிக்குட் செல்லத் தடையிருந்தது; பாகிஸ்தானுக்குத் தரைவழியோ அப்பகுதியினூடேதான் சென்றது. அத் தடையைக் கடத்தற்கு அவர் பட்ட பாடு சிறிதன்று. மஞ்சட்காமாலை நோயும் பற்றியது. இப்பகுதியில், வழியிற் சந்தித்த ஒல்லாந்து நாட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டி ஒருவர் துணையாக உடன் வந்தார் என்பதையும் மறையாமற் கூறுதல் வேண்டும். பாகிஸ்தான், ஈரான், துருக்கி ஆகிய நாடுகளைக் கடந்து, ஐரோப்பா வழியாக, உடல் மெலிந்து தோலும் எலும்புமாய் வீடு சேர்ந்தார்.

இவ்வளவும் கேட்ட பின்னர், "ஐயா, இத்தனை இடர் உள்ள வழியில் ஒரு பெண் தனியே போகலாமோ?" என்று தாய்மார்கள் வினவுதல் இயல்பு. அவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட யான் துணியேன். அஞ்சுவது அன்பினால், அன்பை இகழ்தல் தகாது. நம் தொல்காப்பியமும், கடல் கடந்து செல்லுஞ் செலவு பெண்டிரோடு இல்லை என்றே விதிக்கின்றது. தமிழாசிரியனாகிய யான் அதனை அறியேன் அல்லேன். ஆனால் அந்நூலார் தம் காலத்து வழக்கை நோக்கி இலக்கணம் வகுத்தனர். வழக்கு மாறுங்கால் இலக்கணமும் இடங்கொடுக்கும் என்பது இலக்கணம் பயின்றார் எல்லார்க்கும் உடன்பாடு. மேலும், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை நாம் போற்றுகின்றோம். ஊர் ஊராக நடந்த அவ் அம்மையாரைப் போற்றும் நாம், நம் வீட்டுப் பெண் பக்கத்து மாவட்டத்துக்குப் போகவேண்டும் என்றால் மட்டும் பஞ்சாங்கத்தைத் தேடுகின்றோம்.

இன்னுமொன்று. "தனியே" என்னுஞ் சொல்லைச் சிறிது ஆராய்ந்து பாருங்கள். அவர் தனியே புறப்பட்டார் என்பது மெய். ஆயின் தனியே மீண்டாரா? ஆஸ்திரேலிய மருத்துவமனையிற் பேணியவர் யார்? தாய்லாந்துக் குடிலிற் சோறிட்டவர் யார்? வழிநெடுக முகமறியாதார் பலர் கைகொடுத்தமையாலன்றோ அவர் வீடு சேர்ந்தார்? கூட்டமாகச் செல்வோர் தம் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு செல்வர். தனியே செல்வோரோ பிறரை நாடியே தீரவேண்டும். ஆதலின் தனிப்பயணம் என்பது பிறர் துணையை வேண்டாத பயணம் அன்று. பிறர் துணையை மிகுதியும் வேண்டும் பயணமே அது. தனியே போனவரே உலகத்தாரின் நன்மையை மெய்யாக அறிந்து வருகின்றார்.

அன்பர்களே, இதுகாறும் கூறியது முன்னுரை. யான் சொல்ல வந்தது இனிமேற்றான் உள்ளது. அவர் வீடு திரும்பியபின் நடந்தது என்ன? ஊர் திரண்டு வரவேற்றதா? இல்லை. பத்திரிகைகள் எழுதினவா? இல்லை. நண்பர்களுக்கும் அவர் கதையைக் கேட்கப் பொறுமை இல்லை. இரண்டு ஆண்டு கழித்து வந்த ஒருத்தி சொல்வதற்குச் செவி கொடுப்பார் இன்மையால், தம் குறிப்பேடுகளையும் படங்களையும் பெட்டியிலிட்டு மூடிவைத்தார். கல்வியை முடித்துக் கட்டடக் கலைஞரானார். காடால்மிங் என்னும் ஊருக்கருகே பயனற்று நின்ற பழைய தண்ணீர்க் கோபுரமொன்றை 1988ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி, அதனையே உறைவிடமாக மாற்றியமைத்து, 1994ஆம் ஆண்டில் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் பரிசையும் பெற்றார். அப்பொழுதும் அவருடைய பயணத்தைப் பற்றி உலகம் அறிந்திலது. அவர் தம் வரலாற்றை 'லோன் ரைடர்' என்னும் நூலாக வெளியிட்டது 2017ஆம் ஆண்டிற்றான். பயணம் முடிந்து முப்பத்து மூன்று ஆண்டு சென்ற பின்னர்!

ஏனைய பயணிகளோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. அமெரிக்கராகிய ராபர்ட் எடிசன் புல்டன் என்பவர் 1932ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு விருந்தின்பொழுது, "மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றியே ஊர் திரும்பப் போகின்றேன்" என்று பேச்சுவாக்கிற் கூறிவிட்டார். அவ்விருந்தில் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைச் சார்ந்த ஒருவரும் இருந்தார். அவர் வண்டி தர முன்வந்தார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வழியின்றிப் புறப்பட்ட புல்டன் 1933ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் நாட்டை அடைந்தார். 1937ஆம் ஆண்டிலேயே அவர் நூல் வெளிவந்தது. டெட் சைமன் என்னும் பத்திரிகையாளர் 1973ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை டிரையம்ப் வண்டியில் 64,000 மைல் சுற்றினார். அவர் போகும்போதே 'சண்டே டைம்ஸ்' என்னும் இதழ் துணைநின்றது. அவருடைய நூல் 1979ஆம் ஆண்டில் வெளிவந்து பல்லாயிரவரைப் பயணத்திற்குத் தூண்டிற்று. நம் நாட்டுக் குறிசொல்வோர் ஒருவர் அவரை வியாழன் என்று கூறியதைக்கொண்டே, வியாழனின் பயணங்கள் என்று பொருள்படும் பெயரை அந்நூலுக்கு இட்டார். இவ்விருவரையும் கேட்க உலகம் காத்திருந்தது.

பிரெஞ்சு நாட்டு ஆன்-பிரான்ஸ் தோத்வில் என்னும் பெண்மணியின் செய்தி இன்னும் கருதத்தக்கது. 1972ஆம் ஆண்டில் அவர் பாரிஸ் நகரிலிருந்து பாரசீகத்து இஸ்பஹான் நகர் வரை பலரோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளிற் சென்று வந்தார். வந்தபின், "அவள் ஓட்டவே இல்லை, லாரியில் ஏறிச் சென்றாள்" என்று புறங்கூறினர். அவ்வம்மையார் வாதாடிக்கொண்டிராமல், 1973ஆம் ஆண்டில் சிறியதொரு 125 சி.சி. கவாசாகி வண்டியில், யாரையும் உடன் சேர்க்காமல், மூன்று கண்டங்களிலே 20,000 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். ஒருத்தி சொன்னதைக் கேட்டார் இல்லை. மற்றொருத்தி சொன்னதை நம்பினார் இல்லை. ஆணுக்குக் கிடைத்த செவி பெண்ணுக்குக் கிடைத்திலது. அது மேல்நாட்டார் குறை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை.

நம் முன்னோர் இவ்வகையில் எவ்வளவு சீரிய வழக்கம் உடையராயிருந்தனர் என்பதை நினையுங்கள். பத்துப்பாட்டு என்னுந் தொகையிலுள்ள பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. ஆறு என்பது வழி. சென்று பரிசில் பெற்று மீண்ட ஒருவன், இனிச் செல்லவேண்டிய மற்றொருவனை வழியிற் கண்டு, "இவ்வழியே போ, இவ்விடத்தே இன்ன உணவு கிடைக்கும், இன்னார் இவ்வாறு வரவேற்பர், இவ்விடத்தில் விழிப்பாயிரு" என்று எடுத்துரைப்பதே அதன் அமைப்பு. கூத்தராற்றுப்படை என்று பெயர்பெற்ற மலைபடுகடாத்தில் வழியிலுள்ள இடர்களும் ஒன்றுவிடாமற் கூறப்படுகின்றன. பெற்ற பரிசில் எத்துணை என்பது மட்டுமன்று, வந்த வழி எத்தகையது என்பதும் அங்கே பேசப்படுகின்றது. சென்று வந்தவன் பேசுவதும், செல்லவிருப்பவன் கேட்பதும் ஆகிய இதனையே ஒரு பெருங்கலையாக வளர்த்தவர் தமிழர். இப்பாடத்தை யான் ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு நடத்துகின்றேன், மதிப்பெண்ணும் இடுகின்றேன்.

இனி என் பிழையைக் கூறுவல். என் தமக்கையார் செவிலியர் பயிற்சி பெற்றவர். 1999ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில், மஸ்கட் நகரில் வேலை கிடைத்துத் தனியே விமானமேறினார். எங்கள் குடும்பத்திற் கடல் கடந்த முதல் மனிதர் அவரே. தந்தையார் கடன் தீர்ந்தது அவர் அனுப்பிய பணத்தால். யான் புலவர் படிப்புப் படித்ததும் அப்பணத்தால். 2005ஆம் ஆண்டில் அவர் திரும்பி வந்த நாள் எனக்கு நன்கு நினைவிருக்கின்றது. வீடு நிறைய உறவினர். பெட்டிகளைத் திறந்தனர், கம்பளியை விரித்துப் பார்த்தனர், வாசனைப் புட்டிகளை முகர்ந்தனர், வளையல்களைக் கையிலிட்டு எடை மதித்தனர். அக்காள் சுவரிற் சாய்ந்தமர்ந்து, "போய் இறங்கின அன்று என்னை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை, தெரியுமா? விமான நிலையத்திலேயே விடியும் வரை—" என்று தொடங்கினார். "அதெல்லாம் இப்போது எதற்கு? நாலு பேர் காதில் விழுந்தால் நன்றாகவா இருக்கும்? வரன் பார்க்கிற நேரத்தில்!" என்று அன்னையார் இடைமறித்தார். அக்காள் நிறுத்திவிட்டார். யான் அருகில்தான் அமர்ந்திருந்தேன். அவர் எனக்காகக் கொணர்ந்த கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்புறம் என்ன ஆயிற்று, அக்கா?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் இருபதாண்டுக் காலம் அவர் அப்பேச்சை எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அண்மையில் அவர் மகளுக்கு வட நாட்டுக் கல்லூரியொன்றில் இடங் கிடைத்தது. வழக்கம்போல் வீட்டில் வாதம் எழுந்தது. "அவ்வளவு தொலைவு எதற்கு? இங்கே கல்லூரி இல்லையா?" என்றார் அன்னையார். யானும் அன்னையார் பக்கமே நின்றேன் என்று ஒப்புக்கொள்ளுகின்றேன். அப்பெண் எங்களோடு வாதாடவில்லை. தன் தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, நீ முதல்முதலில் தனியாகப் போனபோது என்ன நடந்தது?" என்று வினவினாள். இருபதாண்டாக எவரும் கேளாத வினா அது.

அக்காள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்ச் சொல்லத் தொடங்கினார். விமான நிலையத்தில் விடியுமளவும் அமர்ந்திருந்ததும், தரையைத் துடைக்க வந்த மலையாளத்து மூதாட்டி ஒருவர் தம் உணவுப் பொட்டலத்தைப் பங்கிட்டுக் கொடுத்ததும், அவர் அறிமுகஞ் செய்த வண்டியோட்டி கூலி வாங்காமல் மருத்துவமனை வாயிலில் இறக்கிவிட்டதும், முதல் ஆறு திங்கள் அரபுச் சொற்களை உள்ளங்கையில் எழுதிவைத்து நோயாளரோடு பேசியதும், அயலாள் ஒருவன் தொல்லை கொடுத்தபொழுது உடன் பணிபுரிந்த பெண்கள் ஒன்றுகூடி அவனை நிறுத்தியதும், கடவுச்சீட்டின் படியை ஏன் எப்பொழுதும் தம்மிடம் வைத்திருந்தார் என்பதும், எல்லாம் கூறினார். இரவு பதினொரு மணியாயிற்று. அன்னையார் எழுந்து சென்று அனைவர்க்கும் பால் காய்ச்சிக் கொணர்ந்தார். அக்காள் கையில் குவளையைக் கொடுத்து, "இத்தனையையும் என்னிடம் சொல்லவே இல்லையே, அம்மா?" என்றார். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார் அக்காள். அவ்வளவே. அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

பெரியோர்களே, பத்துப்பாட்டு ஐந்து ஆற்றுப்படைகளையும் உரையோடு கற்பித்த யான், என் வீட்டிலேயே இருந்த ஆற்றுப்படையை இருபதாண்டு கேளாதிருந்தேன். யாங்கள் அப்பெண்ணைத் தடுத்தது, வழியில் என்ன உண்டு என்று அறியாமையால். அறிந்தவர் எங்கள் கூடத்திலேயே அமர்ந்திருந்தார். மருகி சென்ற ஆனித் திங்களிற் புகைவண்டியேறினாள். அவள் கொண்டுபோன பையில் அக்காள் தம் கையால் எழுதிய நான்கு பக்கக் குறிப்பு இருந்தது. அன்னையார், "வாரம் ஒருமுறை பேசு, என்ன நடந்தாலும் மறையாமற் சொல், யாரும் கோபிக்கமாட்டோம்" என்று கூறி வழியனுப்பினார். அச்சொல்லே அவளுக்கு நாங்கள் கொடுத்த பெரிய காப்பு என்று கருதுகின்றேன். ஏனெனில், நேர்ந்த துன்பத்தைச் சொன்னால் ஏசுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை சொல்லாது; சொல்லாத பிள்ளைக்கு உதவ ஒருவராலும் ஆகாது.

ஆகவே, போக விடை கொடுத்தல் நம் கடமையிற் பாதியே. வந்தபின் செவிகொடுத்தல் மற்றைப் பாதி. முன்னதைச் செய்யச் சிறிது துணிவு வேண்டும். பின்னதைச் செய்யச் சிறிது பொறுமை போதும். எனினும் அதனையே நாம் மிகுதியும் தவறவிடுகின்றோம். வந்தவர் கொணர்ந்த பொருளை எண்ணுகின்றோம். வந்த வழியைக் கேட்பதில்லை. பொருள் அவ்வீட்டோடு தீர்ந்துவிடும். வழியோ பின்வருவார் அனைவர்க்கும் உதவும்.

முடிவாக, சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். ஒன்று, ஆண்டுக் கூட்டத்திற் பரிசளிப்புக்கும் விருந்துக்கும் இடையே அரைமணி நேரம், வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழ்ந்து மீண்ட நம்மவர் ஒருவரைப் பேசச் செய்தல் வேண்டும். பெரும்பதவியாளரையே தேடவேண்டுவதில்லை. சரக்கு லாரியில் வட நாடு சென்று வரும் ஓட்டுநரும், மருத்துவமனையிற் பணிபுரிந்த பெண்டிரும், கப்பலிற் சமைத்தவரும் பேசட்டும். இரண்டு, இம்மாத இதழில் ஒரு பக்கத்தை அத்தகையோர் அறிவுக்கு ஒதுக்குதல் வேண்டும்: எவ்வூரில் எத்தகைய விடுதி, எத்தாள்கள் வேண்டும், எவ்விடத்தில் ஏமாறக்கூடும் என்பன போன்றவை. எழுத வராதவர்க்கு எழுதிக் கொடுக்க யான் காத்திருக்கின்றேன். மூன்று, இவ்வேண்டுகோள் சங்கத்துக்கு அன்று, உங்கள் ஒவ்வொருவர்க்கும். இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் வீட்டில் நெடுந்தொலைவு சென்று மீண்ட ஒருவர் இருப்பின், அவர் அருகில் அமர்ந்து, "அங்கே எப்படி இருந்தது?" என்று ஒரு சொற் கேளுங்கள். விடை வருமளவும் எழுந்திராதீர்கள்.

ஒரு பெட்டியில் முப்பது ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த கதை நூலாகி, பலருக்கு வழிகாட்டுகின்றது. நம் வீடுகளில் மூடிக்கிடக்கும் பெட்டிகள் எத்தனையோ! அவற்றைத் திறக்கத் திறவுகோல் வேண்டா. ஒரு வினாவே போதும்.

இக்கூட்டத்தில் யான் பேசியது போதும். சென்று வந்தவர்கள் பேசட்டும்.